ஸுஹைறா சொல்லாமல் விட்ட வரி

கல்முனைக் கடைத்தெருவில் புடவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் நெற்செய்கையாளர் ஒன்றியத்தின் கந்தோர் இருக்கிறது. முன்னறையில் தலைவர் கச்சிமுகம்மது ஹாஜியாரின் மேசை. பின்னறையில் ஒரு கொம்பியூட்டர், அதன் முன்னால் ஸுஹைறா. பதினாறு வருடமாக அவளைக் கேட்காமல் அந்த அறையில் யாரும் ஒரு வயரைக்கூடப் பிடுங்கியதில்லை.

கடிதம் அடிக்கத்தான் அவளை எடுத்தார்கள். உயர்தரத்தில் கணிதம் படித்து, ஒரு பாடம் தவறி, வீட்டில் இருந்தவள். சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனம் ஒன்று மூட்டை கட்டும்போது ஒன்றியத்துக்கு ஒரு கொம்பியூட்டரை விட்டுப் போனது. அதைத் திறந்தால் எல்லோரும் அறிந்த படங்களும் பொத்தான்களும் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. லினக்ஸ் என்று யாரோ சொன்னார்கள். பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஹாஜியார் தீர்மானித்திருந்த வேளையில், ஸுஹைறா இரண்டு கிழமை தவணை கேட்டாள். அந்த இரண்டு கிழமையில் அவள் அதற்குள் இறங்கியவள்தான், பிறகு வெளியே வரவில்லை.

ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் வயல்வெளியை எங்கள் பக்கத்தில் வட்டை என்போம். தண்ணீரைப் பங்கிட்டுக் கவனிக்க ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு வட்டவிதானை இருப்பார். ஒன்றியத்தில் இருபத்தேழு வட்டைகள். இறக்காமம் தொடங்கி நாவிதன்வெளி வரைக்கும். ஒவ்வொரு வட்டைக்கும் அந்த மெசினில் ஒரு எக்கவுண்ட் திறந்து, ஒரு மெயில் முகவரி கொடுத்தாள் ஸுஹைறா. ஒருமுறை யாரோ ஒரு வட்டையின் பாஸ்வேர்ட்டைக் கண்டுபிடித்து, அதனூடாக உலகமெல்லாம் குப்பை மெயில் அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த இருபத்தேழு எக்கவுண்ட்களையும் பூட்டி வைத்தாள். மெயில் வந்து விழும். ஆனால் அந்தப் பெயர்களில் யாரும் மெசினுக்குள் நுழைய முடியாது.

வந்து விழும் மெயில்களை அவளே வாசிப்பாள். எந்த நாள் மதகு திறக்கும், எப்போது பூட்டும், உரம் எப்போது வரும் என்பதையெல்லாம் வட்டவிதானைமாருக்குப் போனில் சொல்வாள். இருபத்தேழு பேருக்கும் அவளுடைய குரல் தெரியும். ஒருமுறை இறக்காமத்தில் கல்யாண வீடொன்றில் அவள் தண்ணீர் கேட்ட குரலை வைத்தே, முன்பின் காணாத ஒரு கிழவர், "நீங்க தண்ணிக் கந்தோர்ப் புள்ளதானே?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை அவள் கணவர் றாஸிக்கிடம் நாலைந்து தரம் சொல்லியிருப்பாள்.

போன வருடம் தைமாதம் றிஸ்னா வந்தாள். ஸுஹைறாவைவிட மூன்று வயது இளையவள். கணவரோடு பன்னிரண்டு வருடம் டோகாவில் இருந்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சேர்வர்களைப் பார்த்தவள். உம்மாவுக்குச் சுகமில்லை என்று பிள்ளைகளோடு ஊருக்கு வந்திருந்தாள். வேலை செய்யாமல் இருக்க அவளால் முடியவில்லை. ஹாஜியார் அவளைக் கிழமைக்கு மூன்று நாள் வரச் சொன்னார்.

ஸுஹைறாவுக்கு அவள்மேல் முதலில் வந்தது கோபமல்ல. அவள் வந்த மூன்றாம் நாள் கந்தோருக்கு ஒரு புதிய சுழல் கதிரை வந்தது. அது றிஸ்னாவுக்காக. ஸுஹைறா பதினாறு வருடமும் பிளாஸ்டிக் கதிரையில் ஒரு தலையணை வைத்து உட்கார்ந்தவள். அவள் ஒரு நாளும் கேட்டதில்லை, அதனால் யாருக்கும் தோன்றவில்லை. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். றிஸ்னா கறுப்புத் திரையில் தட்டும் வேகத்தையும், கட்டளைகளை நடுவில் நிறுத்தி யோசிக்காததையும் அவள் ஓரக்கண்ணால் பார்த்தபடியே இருந்தாள். றிஸ்னாவைப் பற்றி ஹாஜியார் யாரிடமாவது போனில் கதைத்தால், பின்னறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

"அந்தப் புள்ளக்கி எல்லாம் விரல் நுனியில இரிக்கி" என்று ஒருநாள் சொன்னார் ஹாஜியார்.

அன்றைய தினம் ஸுஹைறா இருபத்தேழு போன்களையும் கொஞ்சம் உரத்த குரலில் எடுத்தாள்.

பங்குனி மாதம், சிறுபோக விதைப்புக்கு முன்னால், றிஸ்னா ஒரு யோசனை சொன்னாள். வட்டைகளின் எக்கவுண்ட்டில் மெயில் விழுந்த உடனே ஒரு ஸ்கிரிப்ட், தானாக ஓடும் ஒரு சின்ன நிரல், அதை வாசிக்கும். எந்த வாய்க்கால், எந்த நாள், எத்தனை மணி என்று பிரித்தெடுக்கும். அந்த வட்டவிதானையின் போனுக்குத் தமிழில் மெசேஜ் போகும். மனிதர் யாரும் இடையில் தேவையில்லை. ஹாஜியாருக்குக் கண்ணெல்லாம் வெளிச்சம். முதலில் ஆறு வட்டைக்குச் செய்து பார்ப்போம் என்றார். பிறகு பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "ஸுஹைறா, அந்த ஆறு பேருக்கும் இனி நீங்க கோல் எடுத்து மெனக்கெடத் தேவையில்ல. ஆறுதலா இரிங்க" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். ஸுஹைறாவுக்கு அது வீட்டை விட்டு எழும்பச் சொன்னதுபோல இருந்தது.

றிஸ்னா பத்து நாளில் எழுதி முடித்தாள். தன்னுடைய எக்கவுண்ட்டில் வைத்துச் சோதித்தாள். மெயில் போட்டு ஏழாவது வினாடியில் அவளுடைய போன் சிணுங்கியது. ஹாஜியார் தன் மகனுக்கெல்லாம் காட்டினார். அடுத்த நாள் காலை றிஸ்னா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு வந்து, சுழல் கதிரையில் அல்ல, ஸுஹைறாவின் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ராத்தா, ஒருக்கா பாத்துச் செல்லுங்களன். இந்த மெசின் உங்களுக்குத்தான் தெரியும். எங்கயாச்சும் பிழ இரிக்கா?"

ஸுஹைறா வாசித்தாள். எழுத்து நல்ல சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே அது என்ன செய்கிறது என்று தமிழில் ஒரு குறிப்பும் இருந்தது. தனக்கு இப்படி எழுத வராது என்று அவளுக்குத் தெரிந்தது. அது தெரிந்த அதே நிமிடத்தில், மேலே ஒரு வரி இல்லாததும் தெரிந்தது.

அந்த வரி என்னவென்றால் இதுதான். மெயிலைக் கையில் எடுக்கும் நிரல், ஸ்கிரிப்டை ஓட்டுவதற்கு அந்த எக்கவுண்ட்டின் ஷெல்லைக் கூப்பிடும். கட்டளையை வாங்கி நடத்துவது ஷெல்லின் வேலை. றிஸ்னாவின் எக்கவுண்ட்டில் நல்ல ஷெல் இருந்தது, அதனால் எல்லாம் ஓடியது. வட்டைகளின் எக்கவுண்ட்கள் பூட்டியவை. பூட்டுவது என்றாலே, ஷெல் இருக்க வேண்டிய இடத்தில், எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லி உடனே முடிந்துபோகும் ஒரு சின்ன நிரலை வைப்பதுதான். ஸ்கிரிப்டை ஓட்டு என்றாலும் அது முடியாது என்று முடிந்துபோகும். மெயில் அதோடு காணாமல் போகும். பிழை என்று ஒரு சத்தமும் வராது. எந்த ஷெல்லைக் கொண்டு ஓட்டுவது என்று மேலே ஒரு வரி எழுதிவிட்டால் போதும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே பிழையில் மூன்று நாள் மெயிலைத் தொலைத்துவிட்டு, காரணம் தெரியாமல் அழுது, கடைசியில் தானாகவே அதைக் கண்டுபிடித்தவள் ஸுஹைறா. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"எல்லாம் சரி" என்றாள்.

"சரியாப் பாத்தீங்களா ராத்தா?"

"ஓம். நல்லா எழுதியிரிக்காய்."

முதலில் வரும் மெயில் ஏதாவது கூட்ட அறிவித்தலாக இருக்கும், அது போய்ச் சேராது, ஹாஜியார் முகம் சுளிப்பார், றிஸ்னா தலையைப் பிய்த்துக்கொள்வாள், அப்போது நான் எழுந்து போய் ஒரே வரியில் சரிசெய்வேன். இப்படித்தான் நினைத்ததாக ஸுஹைறா பிறகு என்னிடம் சொன்னாள். அந்த நினைப்பில் அவள் ஐந்து நாள் நன்றாகத் தூங்கினாள்.

ஆறாம் நாள் வியாழக்கிழமை. காலை ஒன்பதே காலுக்கு நீர்ப்பாசனப் பகுதியிலிருந்து மெயில் வந்தது. மதகில் திருத்தவேலை இருப்பதால் திங்கட்கிழமை விட வேண்டிய தண்ணீரை இன்று பகல் ஒரு மணிக்கே விடுகிறார்கள். புதிதாக விதைத்தவர்கள் வயலுக்குத் தண்ணீர் பாயும் வக்கடைகளை அதற்குள் அடைத்துக்கொள்ள வேண்டும்.

முளை நெல்லைச் சேற்றில் வீசி விதைத்த வயலில் முதல் சில நாள் தண்ணீர் நிற்கக்கூடாது. நின்றால் விதை மிதக்கும், அழுகும். இது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். ஸுஹைறாவுக்குத் தெரியாமல் இல்லை. மற்ற இருபத்தொரு வட்டைக்கும் அவள் போன் எடுத்தாள். ஒன்பதரைக்குத் தொடங்கி பதினொன்றேகாலுக்கு முடித்தாள். பிறகு மெசினின் பதிவைத் திறந்து பார்த்தாள். ஆறு மெயிலும் வந்து விழுந்திருந்தன. ஒரு மெசேஜும் வெளியே போயிருக்கவில்லை.

முன்னறையில் றிஸ்னா யாருக்கோ விதைநெல் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

ஸுஹைறா போனைக் கையில் எடுத்தாள், மேசையில் வைத்தாள். ஒரு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முதலில் யாராவது ஒரு வட்டவிதானை அயலாரிடம் கேள்விப்பட்டு, 'எனக்கு ஏன் மெசேஜ் வரல்ல?' என்று ஹாஜியாருக்குப் போன் எடுக்கட்டும். அது ஹாஜியாரின் காதில் விழட்டும். அதன்பிறகு மற்ற ஐந்து பேருக்கும் சொல்லலாம். அவள் காத்திருந்தாள். ஒருவரும் எடுக்கவில்லை. பன்னிரண்டேகாலுக்குப் பள்ளியில் லுஹர் பாங்கு சொன்னபோதுதான் அவளுக்கு நேரம் உறைத்தது.

அவசரமாக நம்பர்களை அழுத்தினாள். ஐந்து பேர் கிடைத்தார்கள். ஐந்து பேரும் வயலுக்கு ஓடினார்கள். நாவிதன்வெளி வட்டவிதானை அழகரெத்தினம் மட்டும் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சத்தம் கேட்டு றிஸ்னா உள்ளே வந்தாள்.

"என்ன ராத்தா?"

"ஒண்ட மெசேஜ் போகல்ல. ஆறு பேருக்கும் போகல்ல."

றிஸ்னாவின் முகம் வெளுத்துப்போனது. ஸுஹைறா அதைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் பார்க்க விரும்பியது அதைத்தான். அது ஒரு நிமிடம் இனித்தது, அதை அவள் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறாள். பிறகு அழகரெத்தினத்தின் போன் மூன்றாவது தரமும் ஓய்ந்தது.

கீழே நின்ற ஒரு முச்சக்கர வண்டியில் இருவரும் ஏறினார்கள். கிட்டங்கிப் பாலத்தைக் கடக்கும்போதும் றிஸ்னா மடியில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது சரி. இதுவும் சரி. இது என்ட எக்கவுண்ட்ல ஓடிச்சே. மறுகா என்னத்துக்கு ஓடல்ல?" என்று தனக்குத்தானே கதைத்தாள். இரண்டு தரம் அவள் அந்த வரி இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனாள். ஸுஹைறா வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வயலுக்குள் ஏறிவிட்டிருந்தது. அழகரெத்தினம் இடுப்பில் சாரத்தைச் செருகிக்கொண்டு வக்கடையில் சேற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி தங்கரத்தினம் ஒரு பழைய உரப்பையில் மண் நிரப்பிக் கொண்டுவந்தாள். போன் வயற்குடிசையான வாடிக்குள் சட்டைப் பையில் கிடந்திருக்கிறது. ஐந்து ஏக்கர். விதைத்து இரண்டு நாள்; அந்த வட்டையில் மற்றவர்கள் முன்பே விதைத்து முளை வேர் பிடித்துவிட்டது, கடைசியாக விதைத்தவர் அவர்தான். வெள்ளை முளையோடு நெல் வரம்போரமெல்லாம் நுரைபோல ஒதுங்கிக் கிடந்தது.

றிஸ்னா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அபாயா நனைய, சேற்றில் இறங்கினாள். ஸுஹைறாவும் இறங்கினாள். நாலு பேருமாக அடைத்து முடிக்க அரைமணி நேரம் எடுத்தது. அடைத்து இனிப் பயனில்லை என்று நாலு பேருக்கும் தெரியும்.

"என்ட பிழ, ஐயா" என்றாள் றிஸ்னா. "நான் எழுதினதுதான் வேல செய்யல்ல."

அழகரெத்தினம் கையைக் கழுவினார். பிறகு அவளைப் பார்க்காமல் ஸுஹைறாவைப் பார்த்தார்.

"மெசேஜ் வருமெண்டு சொன்னதால போன வாடியில வச்சிட்டு வேலையப் பாத்தன் புள்ள. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனா பாக்கலாமெண்டு. நீங்க காலையில கோல் எடுக்கிறெண்டா நான் போன இடுப்பில செருகிக்கிட்டுத்தான் இறங்குவன். உங்கட குரல் கேட்டா அது தண்ணிதான் எண்டு தெரியும்."

எத்தனையோ நாளாக யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று அவள் ஏங்கியிருந்தாள். இப்போது அந்த மனிதர் சொல்கிறார், முளைத்த நெல் அவருடைய காலடியில் மிதந்துகொண்டிருக்கிறது. தங்கரத்தினம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். ஸுஹைறாவால் அதைக் குடிக்க முடியவில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கந்தோர் அரை நாள்தான். றிஸ்னா எட்டு மணிக்கே வந்து அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்; கண் வீங்கியிருந்தது. ஸுஹைறா பையைக்கூட இறக்கி வைக்காமல் அவளுடைய தோளுக்கு மேலால் கையை நீட்டி, மேலே ஒரு வரியைத் தட்டினாள். சேமித்தாள். ஒரு மெயில் அனுப்பினாள். அழகரெத்தினத்தின் நம்பருக்குப் பதிலாகப் போட்டிருந்த றிஸ்னாவின் போன் சிணுங்கியது.

றிஸ்னா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புத்திசாலி. விளக்கம் தேவைப்படவில்லை.

"பூட்டின எக்கவுண்ட்" என்றாள் மெதுவாக. "ஷெல் இல்ல." பிறகு திரும்பினாள். "எப்ப கண்டுபுடிச்சீங்க ராத்தா?"

"நீ காட்டின அண்டைக்கே."

கீழே புடவைக்கடையில் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது.

"நான் ஒங்களுக்கு என்ன செஞ்ச?"

"ஒண்டும் செய்யல்ல. நல்லா எழுதியிருந்தாய். அதுதான்."

றிஸ்னா கணினியை மூடிக்கொண்டு போய்விட்டாள். ஹாஜியாரிடம் சொல்லத்தான் போகிறாள் என்று ஸுஹைறா நினைத்தாள். அன்று முழுவதும், சனிக்கிழமை முழுவதும், போன் வரும் என்று காத்திருந்தாள். றாஸிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நெல் அறுக்கும் மெசின் ஓட்டுபவர் அவர். வயலின் அருமை தெரிந்த மனிதர். கேட்டுவிட்டு, "ஏழை மனுசன்ட வயலாச்சே ஸுஹைறா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அன்று இராச்சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை, தன் மூத்த சகோதரியின் வீட்டில் சாப்பிட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நிருவாகக் குழு கூடியது. அழகரெத்தினமும் வந்திருந்தார். ஹாஜியார் என்ன நடந்தது என்று கேட்டார். றிஸ்னா எழுந்தாள். பூட்டிய எக்கவுண்ட்களில் வைத்துச் சோதிக்காமல் விட்டது தன்னுடைய கவனக்குறைவு என்றாள். வேலையை விட்டு நிற்கத் தயார் என்றாள். ஸுஹைறாவின் பெயரைச் சொல்லவில்லை. அவள் பக்கம் பார்க்கவும் இல்லை.

அந்த மௌனம் ஸுஹைறாவை ஊசியால் குத்தியது. இதிலும் அவள்தான் பெரிய மனுசி. வேகமாகத் தட்டுவதிலும் அவள், சுத்தமாக எழுதுவதிலும் அவள், இப்போது மன்னித்து மறைப்பதிலும் அவளா? இனிமேல் வாழ்நாள் முழுக்க அவள் கொடுத்த இந்தப் பிச்சையை வைத்துக்கொண்டா நான் அந்த அறையில் உட்கார வேண்டும்? ஸுஹைறா எழுந்தாள். தான் உண்மையைச் சொன்னதில் பாதி அல்லாஹ்வுக்குப் பயந்தது, பாதி றிஸ்னாவுக்கு அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மனமில்லாதது என்று அவள் இன்றைக்கும் சொல்வாள்.

"அவ எனக்கிட்டக் காட்டின. பிழ இரிக்கா எண்டு கேட்ட. எனக்குத் தெரிஞ்சிச்சி. தெரிஞ்சும் எல்லாம் சரியெண்டு செல்லிட்டன். வியாழக்கிழமயும் மெசேஜ் போகல்ல எண்டு பதினொண்டேகாலுக்கே எனக்குத் தெரியும். ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தன்."

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏன் புள்ள?" என்றார்.

"பொறாம" என்றாள் ஸுஹைறா.

குழுவில் ஒருவர் அவளை உடனே நிறுத்த வேண்டும் என்றார். இன்னொருவர், மெசினின் சாவி அவள் கையில்தானே, நிறுத்தினால் யார் பார்ப்பது என்றார். ஹாஜியார் அழகரெத்தினத்தைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள் என்றார். அழகரெத்தினத்துக்குக் கோபம் வந்திருந்தது, தாடை அசைந்தது.

"இத்தன வருசம் தண்ணி சொன்ன புள்ள" என்றார். "எனக்கு இப்ப ஒண்டும் சொல்ல வருதில்ல. விதநெல்லத் தாங்க. மத்தத நீங்க பாருங்க."

ஒன்றியத்தின் களஞ்சியத்திலிருந்து அவருக்கு விதைநெல் கொடுத்தார்கள். ஸுஹைறாவை இரண்டு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். பூட்டுகளின் பாஸ்வேர்ட்களை றிஸ்னாவிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஸுஹைறா அவற்றை ஒரு தாளில் எழுதி, இரண்டு தரம் சரிபார்த்துக் கொடுத்தாள்.

மறுவிதைப்பு அன்று றாஸிக் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நாவிதன்வெளிக்குப் போனார். விதைப்பவர்களுக்குச் சோறு கட்டிக் கொண்டுபோனாள். அழகரெத்தினம் சோற்றை வாங்கினார், அவளோடு கதைக்கவில்லை. தங்கரத்தினம்தான் வந்து, வெயிலுக்குள் நிற்காமல் வாடிக்குள் வரச் சொன்னாள். ஆவணியில் சுற்றி எல்லா வயலும் பழுத்து அறுவடைக்கு வந்தபோது, அந்த ஐந்து ஏக்கர் மட்டும் நடுவில் பச்சையாக நின்றது. தெருவால் போன எல்லோருக்கும் அது தெரிந்தது. விளைச்சல் சுமார். ஆனாலும் விளைந்தது.

இரண்டு மாதம் கழித்து ஸுஹைறா திரும்ப வந்தபோது, இருபத்தேழு வட்டைக்கும் மெசேஜ் போய்க்கொண்டிருந்தது. மழை வெள்ளம், திடீர்த் திறப்பு போன்ற அவசரங்களுக்கு மட்டும் மெசேஜோடு போனும் எடுக்க வேண்டும் என்று குழு முடிவு செய்திருந்தது. அது றிஸ்னாவின் யோசனை. அந்த வேலை ஸுஹைறாவுக்கு. மெசினில் எதை மாற்றினாலும் இருவரும் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும் என்றும் ஒரு கொப்பி போட்டிருந்தார்கள்.

அவர்கள் இருவரும் கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள் என்று நான் எழுதினால் ஸுஹைறா சிரிப்பாள். ஒரே அறையில் வேலை செய்கிறார்கள். றிஸ்னா அவளிடம் எதையும் காட்டும்போது இப்போது ஸ்டூலில் வந்து உட்காருவதில்லை; நின்றபடி காட்டுவாள், ஸுஹைறா சரி என்று சொன்ன பிறகும் இன்னொரு தரம் தானே சோதிப்பாள். அது நியாயம் என்று ஸுஹைறாவுக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வொரு தரமும் சுடும்.

போன மாதம் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி மெயில் சேர்வர் பற்றி வகுப்பு எடுக்க றிஸ்னாவைக் கூப்பிட்டது. அவள் ஸுஹைறாவையும் வரச் சொன்னாள். ஸுஹைறா தலைவலி என்று போகவில்லை. பின்னேரம் நான் ஒரு கடித வேலையாகக் கந்தோருக்குப் போனபோது, அவள் றிஸ்னாவின் வகுப்புக் குறிப்பைத் திரையில் திறந்து வைத்து ஒவ்வொரு பக்கமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி?" என்று கேட்டேன்.

"நல்லா இரிக்கி" என்றாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. "எட்டாம் பக்கத்தில மட்டும் ஒரு பிழ இரிக்கி. நாளைக்கி வந்த ஒடன செல்லணும்."